நீலோஃபருக்குத் தொண்டை கட்டிய நாள்

"சொல்லு."

"ஹாஜு..."

"ஹாஜு இல்லடி, ராஜு! நாக்கைப் பிரேசில்லயே வச்சிட்டு வந்துட்டியா?"

டப்பிங் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜுசாரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாவோ பாலோவில் மாடலாக நடந்தவள். புடவை விளம்பரத்துக்காக மும்பை வந்தாள். இப்போது இந்திப் படக் கதாநாயகி.

நான் ஒலிப்பதிவாளன். அந்தேரியில் நாற்பது வருஷம். இப்படி வந்த மாடல்கள் பலரைப் பார்த்தாயிற்று. கேமரா முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியே அழுவார்கள். வாய் அசைந்தால் போதும். பிறகு நீலோஃபர் வந்து குரல் கொடுப்பாள்.

இவள் எண்ண மாட்டேன் என்றாள். வசனத்தை மனப்பாடம் செய்தாள். சொந்தக் குரலில் பேசினால்தான் அடுத்த படம் என்பது தயாரிப்பாளர் பேச்சு. இல்லையென்றால் ஊருக்குப் போகவேண்டியதுதான்.

சொல்லிக்கொடுக்க யாரை வைத்தார்கள்? நீலோஃபரை. இவள் தோற்றால் டப்பிங் அவளுக்கு. உருப்படுமா?

ஒரு மாதம் நீலோஃபரிடம் இதே திட்டு. ஒரே வரி அறுபது தடவை. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, அந்தப் பொண்ணை அழ வச்சே துரத்திடலாம்னு பாக்குறியா?"

"உங்க வேலையைப் பாருங்க காமத் சார். மைக்குக்குக் கண்ணீர் தெரியாது."

கடைசி நாள். ஜுசாரா பேசி முடித்திருந்தாள். டைரக்டர் பாரிக் வந்தார். அவள் பேசியதைக் கேட்கக்கூட இல்லை.

"நாளைக்குப் படம் மிக்ஸிங் போகணும். வெளிநாட்டுப் பொண்ணை நம்பி ரிஸ்க் எடுக்க முடியாது. நீலோஃபர், முழுசும் நீயே பேசிடு."

ஜுசாரா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

நீலோஃபர் கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தாள்; காற்றுதான் வந்தது.

"தொண்டை... கட்டிப்போச்சு சார்."

"இன்னிக்கா?"

"நேத்து... ஐஸ் கோலா சாப்பிட்டேன்."

"இந்த வயசுல சீவின ஐஸ் கேக்குதா உனக்கு?"

பாரிக் வேறு டப்பிங்காரர்கள் நாலு பேருக்குப் போன் போட்டார். ஒருத்தரும் கிடைக்கவில்லை.

"சரி, அந்தப் பொண்ணு பேசினதையே போடுங்க. கேட்டுத் தொலைப்போம்."

போட்டேன். ஆஸ்பத்திரிக் காட்சி. தம்பி கண்மூடிக் கிடக்கிறான். 'ராஜு, கண்ணைத் திறடா. அக்கா வந்திருக்கேன்.'

பாரிக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் பேசினது?"

"அவதான்."

"நிஜமாவா?"

"மறுபடி போடட்டுமா?"

"வேணாம். இதையே வச்சுக்கோங்க."

ஜுசாரா ஓடிவந்து நீலோஃபரைத் தூக்கிச் சுற்றினாள். "அக்கா, அக்கா!" அப்புறம் அவள் பாஷையில் என்னென்னவோ.

"எறக்கி விடு கழுதை," என்று கிசுகிசுத்துவிட்டு நீலோஃபர் இருமினாள்.

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. டீ குடிக்க வெளியே வந்தேன்.

தெருமுனையில் நீலோஃபர். கை காட்டிய ஆட்டோ நிற்காமல் போனது.

"ஏய் ரிக்‌ஷா! கண்ணு அவிஞ்சு போச்சா? மலாட் பக்கம் வர்றதுன்னா கசக்குதா உனக்கு?"

தெருவே திரும்பிப் பார்த்தது. கணீரென்ற குரல். ஒரு பிசிறில்லை.

திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள். சட்டென்று தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

நாற்பது வருஷமாகக் காதை வைத்துப் பிழைப்பவன் நான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.