நேரம் கடந்த கவர்

"இன்னிக்கும் லேட்டா, சேச்சி?"

நகராட்சி டெண்டர் பிரிவு கிளார்க் சதானந்தன், தன் தலைக்கு மேலிருந்த சுவர்க்கடிகாரத்தைக் காட்டிச் சிரித்தார்.

ஒன்று எட்டு.

மேல்முறையீடு கொடுக்க இன்று கடைசி நாள். அதுவும் ஒரு மணி வரைதான்.

தாலுகா ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு நாங்கள் எட்டுப் பெண்கள் சேர்ந்து போட்ட டெண்டரைப் போன வாரம் தள்ளியதும் இதே மனிதர்தான். அன்றும் ஒரு மணிதான் கெடு; பத்து நிமிடம் தாமதமாம். மிச்சம் இருந்தது பாப்பச்சனின் கவர் ஒன்று. ஒன்பது வருடமாக நோயாளிகளுக்குத் தண்ணீர்ச் சாம்பார் ஊற்றுகிற புண்ணியவான்.

இது போனால் எட்டுப் பேரும் பழையபடி ஊரார் வீட்டுப் பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான்.

பதினொன்றரைக்கே வந்துவிட்டோம். வாசல் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, 'இருடி, இருடி' என்று இழுத்தடித்தது இந்த விலாசினி சேச்சிதான்.

அவளோ அலட்டிக்கொள்ளவே இல்லை.

"சரி சாரே. நான் கொடுத்த நேரத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சுத் தாங்க. அது போதும்."

சதானந்தனுக்கு ஒரே குஷி. 'பிற்பகல் 1.08' என்று முத்து முத்தாக எழுதி, சீலை ஓங்கிக் குத்திக் கொடுத்துவிட்டு, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார்.

சேச்சி தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். இடத்தை விட்டு நகரவில்லை.

கூரைமேல் நகராட்சிச் சங்கு ஊதியது.

ஊருக்கெல்லாம் ஒரு மணி.

போன வாரமும் கவரைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிய பிறகுதான் அது ஊதியது. எனக்கு உறைக்கவில்லை. முப்பது வருடமாகச் சங்கு கேட்டு உலை வைக்கிறவளுக்கு உறைத்திருக்கிறது.

சதானந்தனின் கை சோற்றிலேயே நின்றது.

சீக்கிரம் சாப்பிடுவதற்காக இவர்களே முன்னால் தள்ளி வைத்த கடிகாரம் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு, முள்ளைத் திருப்ப நாற்காலியில் ஏறினார்.

"தொடாதீங்க சாரே. செக்ரட்டரி வந்து பார்க்கட்டும்."

அப்போதுதான் நானும் அதை நிமிர்ந்து சரியாகப் பார்த்தேன். முள்ளுக்குக் கீழே சிவப்பு எழுத்தில் இருந்தது:

அன்பளிப்பு: பாப்பச்சன், கேன்டீன் கான்ட்ராக்டர்.