தீபாவளியே இல்லாத தீவு

தீபாவளி நெருங்கிவிட்டது. ஊரே புதுத்துணி வாங்கப் பகாவ் டவுனுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தர்மராஜ் மட்டும் கூடத்தில் பழைய கன்வாஸை விரித்துப்போட்டு ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். பண்டிகையன்று அவன் ஆள் இல்லாத தீவில் இருக்கப் போகிறானாம்.

அவன் மனைவி மாதவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. முறுக்குப் பிழிந்த கையோடு அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். வந்து பார்ப்பாள், முணுமுணுத்துக்கொண்டு திரும்புவாள், மறுபடி வருவாள்.

லூமுட் பக்கம் ஏதோ ஒரு தீவு. கடை கிடையாது, கக்கூஸ் கிடையாது. மீன்படகுக்காரர் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பண்டிகை முடிந்த பிறகு வந்து ஏற்றிக்கொள்வார். கூடப் போவது இரண்டு பேர். ஒருவன் ராய்ஸ்டன், தர்மராஜோடு செம்பனை ஆலையில் வேலை செய்பவன். கிறிஸ்துவன். தீபாவளிக்கு நாலு வீட்டில் சாப்பிடுவதைத் தவிர அவனுக்கு வேறு கடமை இல்லை.

இன்னொருவர் அடுத்த லய வீட்டு வரிசையில் இருக்கும் குணாளன், தோட்டத்து லாரி டிரைவர்.

அவரை நினைக்கும்போதுதான் மாதவிக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. அவர் மனைவி லோகேஸ்வரி போன வருஷம் தவறிப்போனாள். துக்க வீடு என்பதால் போன தீபாவளிக்கு அங்கே விளக்கு வைக்கவில்லை, பலகாரம் சுடவில்லை. லயத்துச் சனம்தான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தது. ஆவணியில் வருஷத் திதி கொடுத்தாகிவிட்டது. இந்த வருஷமாவது அந்த மனுஷன் தலைக்கு எண்ணெய் வைத்து, புதுச்சட்டை போட வேண்டாமா? அவரையும் போய் இந்தக் கூத்துக்கு இழுப்பானேன்?

ராய்ஸ்டன் வந்து உட்கார்ந்தான். கூடாரம் வாங்கலாம் என்றான். கன்வாஸும் கயிறும் போதும் என்றான் தர்மராஜ். கேஸ் அடுப்பு? விறகு பொறுக்கிக்கொள்ளலாம். பாட்டுக் கேட்க ஸ்பீக்கர்? அதுவும் வேண்டாம். போன்களைக்கூட படகுத்துறையில் காரிலேயே பூட்டிவைத்துவிட்டுத்தான் ஏற வேண்டுமாம்.

"மச்சான், ஒரு லைட்டாவது எடுத்துக்குவோம் லா. அன்னிக்கு அமாவாசை. பாம்பு வந்தாக்கூட தெரியாது."

"வெளக்கு வேணாம். சமைக்கிற நெருப்பு போதும்."

மாதவிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"ஊரே வெளக்கு ஏத்துற அன்னிக்கு நீங்க இருட்டுல குந்தியிருக்கப் போறீங்க. பிள்ளைங்க கேட்டா என்னங்க சொல்றது?"

தர்மராஜ் தலையைத் தூக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கெமாஸில் அவள் அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னான். அடுத்த வருஷம் சேர்த்துக் கொண்டாடிக்கொள்ளலாம் என்றான். ஓட்டை அகப்பட்டுவிட்ட சந்தோஷம் வேறு அவன் முகத்தில்.

இவனிடம் பேசிப் புண்ணியமில்லை. குணாளன் வரவில்லை என்றால் பயணம் தானாகப் படுத்துவிடும் என்று மாதவி கணக்குப் போட்டாள். அடுப்பை அணைத்தாள். சூடாக இருந்த முறுக்கை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு அடுத்த லயத்துக்கு விறுவிறுவென்று நடந்தாள்.

பயணத்துக்கு இன்னும் நாள் கிடந்தது. குணாளனின் பை அதற்குள் கட்டி முடித்து வாசலில் இருந்தது. உள்ளே நாற்காலியில் பிளாஸ்டிக் பிரிக்காத புதுச்சட்டை, அதன் மேல் மின்னும் விளக்குச் சரம் ஒரு பெட்டி. அவர் அக்கா மங்கம்மா வாங்கி அனுப்பியது.

"அண்ணே, வரலன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அவரு விட்டுடுவாரு. நீங்களும் வீட்டுல நல்லபடியா பண்டிகை கொண்டாடலாம்."

குணாளன் முறுக்கு டப்பாவை வாங்கினார். திறக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் தேவலைம்மா," என்றார். "துக்க வீடுன்னு எல்லாரும் என்னை விட்டுட்டாங்க. இப்ப திதி முடிஞ்சிருச்சாம். வெளக்கு ஏத்து, சட்டையப் போடு, பலகாரம் தின்னுன்னு ஆளாளுக்கு சொல்றாங்க. என்னால முடியல."

இந்த வருஷம் வாசலில் ஜோராக விளக்குப் போட வேண்டும் என்று போன வாரம் அவரைப் பிடித்துச் சொன்னவர்களில் மாதவியும் ஒருத்தி.

"நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. தர்மாவேதான் வந்தான். அண்ணே, தீபாவளியே இல்லாத எடம் ஒன்னு பாத்து வச்சிருக்கேன், நானும் வரேன், போவமான்னு கேட்டான். உன்கிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் லயம் முழுக்கச் சொல்லியிருப்பாள், லயமே ஆறுதல் சொல்லக் கிளம்பியிருக்கும். புருஷனுக்கு அது தெரியாதா என்ன. அவளுக்கு வெட்கமாக இருந்தது. குணாளன் கையிலிருந்த டப்பாவை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவரும் கொடுத்துவிட்டார்.

வீட்டில் ராய்ஸ்டன் சாப்பாட்டுச் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். மாதவி உள்ளே வந்த வேகத்தைப் பார்த்து தர்மராஜ் அடுத்த சண்டைக்குத் தயாரானான்.

"நகருங்க. பெட்டிய நான் கட்டுறேன்," என்று அவள் தரையில் உட்கார்ந்தாள்.

முறுக்கு டப்பா அவள் மடியில் இருந்தது. தர்மராஜ் அதையே பார்த்தான். "மாது, பலகாரம் மட்டும் வந்து..." என்று இழுத்தான்.

மாதவி டப்பாவை எடுத்து அடுப்படிப் பக்கமாகத் தள்ளிவைத்தாள்.

"தெரியும். அரிசியும் கருவாடும் மட்டுந்தான் வைக்கிறேன்."