தியானம் போதுமுங்க

"டாக்டரம்மா, என் சம்சாரத்துக்குத் தியானம் போதுமுங்க. நிறுத்திப்போடலாம்."

நாச்சிமுத்துவை டாக்டர் லோகப்பிரியா வியப்பாகப் பார்த்தார். "ஏனுங்க ஐயா? தினமும் கண்ணை மூடி உக்கார்றதுல அவங்க மூளை நல்லா வேலை செய்யுது. ஞாபகமெல்லாம் திரும்பி வருதே!"

"வருதுங்க. முன்னெல்லாம் சாயங்காலம் உக்கடம் பஸ் ஹாரன் கேட்டாப் போதும், 'நம்ம பையன் கிருபா பசியோட வாரான்'னு தோசைக்கல்லை அடுப்புல வெப்பா. நானும் சட்னிக்குத் தேங்காய் துருவுவேன்."

"இப்போ?"

"நேத்து தியானம் முடிஞ்சு எந்திரிச்சா. பீரோவுல நான் ஒளிச்சு வெச்சிருந்த பையன் போட்டோவைத் தேடியெடுத்து, மாலை போட்டு விளக்கு வெச்சுட்டாளுங்க."



நாச்சிமுத்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "அவ மறந்திருந்த வரைக்கும், எனக்கும் அவன் பஸ்ஸுல வந்துட்டுத்தானுங்க இருந்தான்."