ஜப்பான் கடைக் காபி

சந்து முனையிலேயே குடையை மடக்கிவிட்டாள் கஸ்தூரி. தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்தபடி அந்த மரக்கதவைத் தள்ளினாள்.

"வாங்க. உக்காருங்க," என்று தலையைத் தாழ்த்தினார் சக்கரவர்த்தி. யார் வந்தாலும் கடைக்குள் அவருக்கு இதே வணக்கம்தான், இதே 'ங்க'தான். பல வருஷம் ஜப்பானில் ஒரு பழைய காபிக்கடையில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம்.

செங்கம் ரோட்டை ஒட்டிய சந்துதான் என்றாலும் உள்ளே வண்டிச் சத்தம் கேட்காது. மங்கலான மஞ்சள் விளக்கு, வழவழப்பான மர மேசை, மெலிதாக ஒரு பியானோ இசை. வந்தவரின் முகத்தைப் பார்த்துத்தான் அலமாரியிலிருந்து கோப்பையைத் தேர்ந்தெடுப்பார். அப்போதே அரைத்த தூளைத் துணி வடிகட்டியில் போட்டு, நூல் இழுத்த மாதிரி வெந்நீர் ஊற்றுவார். பால் கிடையாது. அவசரமும் கிடையாது.

முதல் நாள் அந்தக் காபி கஸ்தூரிக்குக் கசந்து தொண்டையிலேயே நின்றது. ஆனாலும் மறுநாளும் வந்தாள். மகள் கல்யாணமாகிப் பெங்களூர் போனபின் வேங்கிக்கால் வீட்டில் டிவி மட்டும்தான் பேசுகிறது. இங்கே வந்தால் ஒரு மனிதர் முகம் பார்த்துக் கேட்கிறார்.

இன்று நீலப்பூ போட்ட கோப்பையை எடுத்தவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"முகம் வாடியிருக்கு. ராத்திரி சரியாத் தூங்கலீங்களா?"

"முட்டி வலி."

"எப்பலேர்ந்து?"

"பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து."

ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "யார்கிட்டயும் சொல்லலியா?"

"யாரு கேட்டாங்க?"

அவர் மேசையைச் சுற்றி வந்து, ஒரு முக்காலியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "காலைத் தூக்கி வெச்சுக்கங்க."

காபியின் ஆவி முகத்தில் பட்டது. கண் கலங்கியதற்கு அதையே சாக்காக வைத்துக்கொண்டாள்.

பாதி குடித்திருப்பாள். காலி நாற்காலிகளைப் பார்த்தபடி அவர் மெல்லச் சொன்னார்.

"இந்த மாசத்தோட கடையை மூடிடலாம்னு இருக்கேன்."

"ஏன்?"

"சீசன்ல வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க. மத்த நாள்ல எட்டிப் பார்க்க ஆளில்ல. ஒரு காபிக்கு இவ்ளோ நேரமானு உள்ளூர்க்காரங்க எழுந்து போயிடறாங்க."

"நான் வர்றேனே, தினமும்."

"அதுக்காக ஒரு கடையா?" லேசாகச் சிரித்தார். "எனக்கும் வயசாகுது. நிம்மதியா வீட்டோட இருந்துடறேன்."

கஸ்தூரி இந்த மேசை இல்லாத மத்தியானங்களை நினைத்துப் பார்த்தாள். எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. எத்தனையோ விஷயங்களை அப்படித்தான் விழுங்கியிருக்கிறாள்.

கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மூடாதீங்க. நம்ம வீட்ல நீங்க என்கிட்ட பேசறதே இல்ல."