திரைக்கு இந்தப் பக்கம்

திரைக்கு அடியில் கடைசியாக நீண்ட கை தன் வீட்டுக்காரருடையது என்று தெரிந்தபோது அவள் சோற்றுக் கரண்டியைத் தூக்கியிருந்தாள்.

தட்டுக்கும் கரண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

மோதிர விரல் நடுக்கணுவில் உள்பக்கமாக வளைந்திருந்தது. கல்யாணமான புதிதில் அச்சு இயந்திரம் கடித்து வைத்த விரல். எண்ணெய் போட்டு நீவி நீவி, அதை நிமிர்த்தப் பார்த்துத் தோற்றுப்போனவள் அவள்தான். ஆயிரம் கைகளுக்கு நடுவிலும் அடையாளம் சொல்லிவிடுவாள்.

திரை போதகரின் ஏற்பாடு. வாங்குகிறவர் முகம் கொடுக்கிறவருக்குத் தெரியக் கூடாது. பெயர் கேட்கக் கூடாது. பாடகர் குழுவின் பழைய அங்கி ஒன்றைப் பிரித்துத் தைத்து, ஆலயத்தின் பின்னறை ஜன்னலில் தொங்கவிட்டிருந்தார்கள். அடியில் ஒரு தட்டும் மணிக்கட்டும் நுழைகிற அளவுக்கு இடம்.

சின்ன சபை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர்களைவிட மதியச் சோற்றுக்கு வருகிறவர்கள் அதிகம். நம்ம சபைக்குக் கை மட்டும்தான் வருது, தலை வரமாட்டேங்குது என்று போதகரம்மா அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். இந்த மாதம் அரிசியும் பாதிதான் வந்திருந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

அவளுக்கு எப்போதும் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிற வேலை. பரிமாறுவது ஆர்கன் வாசிக்கும் அக்கா. அக்காவுக்குக் காய்ச்சல் என்பதால் இன்று முதல்முறையாகக் கரண்டி இவள் கைக்கு வந்தது.

இது அவர் அச்சகத்தில் இருக்க வேண்டிய நேரம். இனிமேல் கேன்டீனிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன், நீ டிபன் கட்டி அல்லாட வேண்டாம் என்று மழைக்காலம் தொடங்கும்போதே சொல்லிவிட்டார். சொல்லும்போது ஒரு பெரிய சலுகை கிடைத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

நீண்டிருந்த கையில் ஒரு பொட்டு மை இல்லை.

நேற்று மாலைகூட முழங்கைவரை மையோடு வந்து நின்றார். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துக் கழுவ அவள்தான் குவளை பிடித்தாள்.

எங்கே போய்ப் பூசிக்கொண்டு வந்தாரோ.

திரையை விலக்க ஒரு விரல் போதும். விலக்கினால் அந்த மனிதர் செத்தே போவார். நாளையிலிருந்து இந்த ஜன்னல் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். மதியம் பட்டினி கிடந்து, மாலையில் மை பூசிக்கொண்டு வருவார். அல்லது வராமலே போய்விடுவார்.

அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள்.

“பாதி போதும், சிஸ்டர். மிச்சம் இருக்கட்டும்” என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

சொந்தப் புருஷன் வாயால் சிஸ்டர். வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் அவரை ஓட்டியிருப்பாள்.

போதகரம்மா அவள் காதோரம் குனிந்து கிசுகிசுத்தார். இந்தக் கை தினமும் கடைசியாகத்தான் வருமாம். பாதித் தட்டுக்கு மேல் வாங்கியதே இல்லையாம். பின்னால் ஆளில்லை ஐயா, தாராளமாக வாங்கிக்கோங்க என்று அவரும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாராம். ரோசக்காரர், விடு என்றார்.

மழை தொடங்கியதிலிருந்து பாதித் தட்டு. அவர் சட்டை தொளதொளவென்று ஆனது துவைத்துத் துவைத்துத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். எனவே பேசாமல் பானையைச் சாய்த்தாள். அடிச்சோற்றை வழித்து வழித்துத் தட்டில் குவித்தாள். பருப்பை ஊற்றினாள். தட்டு மெல்லப் பின்வாங்கியது. விளிம்பைப் பிடித்து நிறுத்தி இன்னொரு கரண்டி ஊற்றினாள். பிறகு சட்டியையே கவிழ்த்து, ஒட்டியிருந்ததையும் சுரண்டிப் போட்டாள்.



“ஐயோ, மொத்தத்தையும் போட்டுட்டீங்களே.”

நன்றி சொல்கிற குரலாக இல்லை. எதையோ கைதவறிப் போட்டு உடைத்தவர் மாதிரி இருந்தது.

தட்டு சிறிது நேரம் அங்கேயே நின்றது. அப்புறம் போய்விட்டது.

இன்றைக்கு ஒரு வேளையாவது அவர் வயிறு நிறையும் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பு போதகரம்மா பானைக்குள் எட்டிப் பார்க்கும்வரைதான் நீடித்தது.

போதகரம்மா ஆணியில் தொங்கிய அவளுடைய தூக்குவாளியை எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“உனக்கு எடுத்துட்டுப் போக ஒரு பருக்கைகூட இல்லையேம்மா.”

பானையில் மிஞ்சுவதுதான் பாத்திரம் தேய்ப்பதற்கு அவளுக்குக் கிடைப்பது. சம்பளம் பாதியாகிவிட்டது என்று சொல்லி வீட்டுக்காரர் கொடுப்பது வாடகையோடு சரி. அதனால் தினமும் இங்கிருந்து கொண்டுபோவதைச் சூடு பண்ணி, ஒரு கிள்ளு உப்பு போட்டு, தான் ஆக்கியதாக ராத்திரி அவருக்குப் பரிமாறிவந்தாள். எப்படிச் சமாளிக்கிறாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. உன் கைப்பருப்பு மாதிரி வராது என்று மட்டும் சொல்வார்.

மதியம் திரைக்கு வெளியே சாப்பிட்ட அதே பருப்பு.

அவள் கொண்டுபோன முதல் நாளே, முதல் வாயிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். மிச்சம் இருக்கட்டும் என்றது இந்தத் தூக்குவாளிக்காகத்தான்.

அவள் வெறும் தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள். பசியில்லை என்று இன்று ராத்திரி இரண்டு பேரில் யார் முதலில் சொல்வது என்பதுதான் பாக்கி.