கல்லெறிந்த பெரியவர்கள்

போதகர் தேவசகாயம் மரவள்ளிக்கிழங்கைப் பிட்டபடியே, “ஜப்பான்காரன் காலத்துல இப்படிப் பிரசங்கம் பண்ண, இந்த பிரிக்பீல்ட்ஸ்ல வேற யாருக்குத் துணிச்சல் வரும்?” என்றார்.

“கெட்ட ராஜா ஆகாப் கல்லைத் தொடவே இல்லை. அரண்மனை உத்தரவுன்னு அப்பாவி நாபோத்தைக் கல்லெறிஞ்சு கொன்னது ஊர்ப் பெரியவங்கதான்னு நல்லாத்தான் சொன்னீங்க,” என்றாள் மனைவி சாராள். “வாசல்ல பையன்க மூணு பேர் நிக்கிறாங்க.”

“பிரசங்கம் மனசுல தைச்சிருக்கும்லா!” போதகர் தலையை வாரிக்கொண்டார்.

“பிரசங்கம் இல்லைங்க. கடைசியில ஜப்பான் ஆபீஸ் அறிவிப்பை வாசிச்சீங்களே, சயாம்ல ரயில் பாதை போடுற வேலை, நல்ல சாப்பாடுன்னு? ஐயாவே சொல்லிட்டாருன்னு பேர் குடுக்க வந்திருக்காங்க. முன்னே போனவங்க ஒருத்தரும் திரும்பலைன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“ஜப்பான்காரன் வாசிக்கச் சொன்னான், வாசிச்சேன்...”

“அந்த ஊர்ப் பெரியவங்களும் இதையேதான் சொல்லியிருப்பாங்க.”