குண்டூசி போட்ட சாம்பல் கிண்ணம்

அன்று மேலாளர் அறையில் இருந்தவர்கள் மூவர்: சுவரில் 'புகை பிடிக்கக் கூடாது' பலகை, மேசையில் சாம்பல் கிண்ணம், மேலே மின்விசிறி.

சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததிலிருந்து கிண்ணத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேலாளர் அதைக் கழுவிக் குண்டூசிகளைக் கொட்டி வைத்திருந்தார்.

"குண்டூசி போட்டா கறை மறைஞ்சிடுமா? சாயங்காலம் நீ குப்பைத் தொட்டியிலதான்" என்றது பலகை.

"சும்மா இருங்கண்ணே, அதிகாரி வர்ற நேரமாச்சு" என்றது கிண்ணம்.

அதிகாரி வந்தார். பலகையை நிமிர்ந்து பார்த்தார். "எழுத்து நல்லாத் தெரியுது" என்று பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு மேலாளரிடம் தீப்பெட்டி கேட்டார்.

"அண்ணே, கண்ணை மூடிக்குங்க, புகை உங்க பக்கம்தான் வருது" என்றது மின்விசிறி.

அதிகாரியும் மேலாளரும் போனபின் குண்டூசிகளுக்கு நடுவே கிண்ணம் எண்ணிப் பார்த்தது. மேலாளர் பிடித்த துண்டு ஒன்று, அதிகாரி பிடித்தவை இரண்டு, ஆக மூன்று.